வாசகர் கேள்வி – பதில்: ஆலய வளாகத்தில் மின்சாரமும் தண்ணீரும்

கிறிஸ்தவ ஆலயங்களில் மின்சாரச் சிக்கனம், சூரிய ஒளித் தகடுகள், மழைநீர்ச் சேமிப்பு ஆகியவை குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சுருக்கி இணைத்திருக்கிறோம்.

எங்கள் ஆலயத்தில் 48 மின்விசிறிகள் உள்ளன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளைப் பொருத்த, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைத்த தொகையைச் செலவிடலாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் வந்துள்ளது. வாலிபர் சங்கத்தார் ஆதரிக்கிறார்கள், கணக்கர் தயங்குகிறார். வளாகத்தில் போதகர் இல்லம், மாணவர் விடுதி, இரவு முழுவதும் எரியும் நான்கு பெரிய விளக்குகள் ஆகியவையும் உண்டு. தங்கள் கருத்து என்ன?
— சபைச் செயலர் ஒருவர், மார்த்தாண்டம்

கணக்கரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பழைய மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். ஆகவே 48 விசிறிகளையும் மாற்றினால், அவை அனைத்தும் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2 யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சமாகும். கேட்பதற்கு இது பெரிதாகவே தோன்றுகிறது. ஆனால் அவை வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன? ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, வாரநடுவில் ஒரு ஜெபக்கூட்டம் என எல்லாவற்றையும் கூட்டி 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத மின்கணக்கில் குறைவது 75 யூனிட் அளவே. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாக மதிப்பிட்டாலும் அது 600 ரூபாய். விசிறி ஒன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் 1,44,000 ரூபாய் செலவிட்டு, ஆண்டுக்கு 3,600 ரூபாய் மிச்சம் பிடித்தால், போட்ட பணம் திரும்புவதற்கு 40 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் அந்த விசிறிகள் உழைக்கப்போவதில்லை.

இப்போது அந்த நான்கு விளக்குகளைப் பாருங்கள். கோபுரச் சிலுவைக்கும் முற்றத்துக்கும் எரியும் அவை பழைய மெட்டல் ஹாலைடு வகையைச் சேர்ந்தவையாகவும் ஒவ்வொன்றும் 250 வாட் கொண்டவையாகவும் இருந்தால், மாலை ஆறரை மணி முதல் விடியற்காலை ஐந்தரை மணி வரை நாளொன்றுக்கு 11 யூனிட், இரண்டு மாதத்தில் 660 யூனிட் எரிகிறது. அவற்றுக்குப் பதிலாக 80 வாட் எல்இடி விளக்குகளைப் பொருத்தி, இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மட்டும் எரியும்படி ஒரு டைமரையும் வைத்துவிட்டால், செலவு 140 யூனிட்டாகக் குறையும். மிச்சமாகும் 520 யூனிட், ஆலயத்தின் எல்லா விசிறிகளையும் மாற்றினால் கிடைப்பதைப் போல ஏழு மடங்கு. செலவழித்த பணமும் ஓராண்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

விடுதியிலும் இதே கணக்குத்தான். அங்கே நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சமாகிறது. ஆலயத்துக்குள் அதே அளவு மிச்சம் காண இருபது விசிறிகளை மாற்ற வேண்டும். ஆகவே விளக்குகள் முதலாவது, விடுதியும் போதகர் இல்லமும் இரண்டாவது, ஆலயம் கடைசி என்ற வரிசையைக் கமிட்டி முன் வையுங்கள். ஆலய விசிறிகள் பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். நன்றாக ஓடும் விசிறியைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடுவதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று எப்படிச் சொல்வது? 2023 சனவரி முதல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், புதிதாக வாங்கும்போது தேர்ந்தெடுப்பதும் எளிது.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலையிலும் ஞாயிறு இரவிலும், பிறகு மறு சனிக்கிழமையும் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணை வாலிபர் சங்கத்தார் ஒரு மாதம் குறித்து வரட்டும். ஆராதனைக்கு எவ்வளவு செலவாகிறது, ஆளில்லாத நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். பல வளாகங்களில் பின்னதே கூடுதலாக இருக்கும்.

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள், கோதையாற்றில் நீர்மின் நிலையங்கள் என நம் பகுதியே புகையில்லாத மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. அப்படியிருக்க, ஓர் ஆலயம் சில விளக்குகளை அணைப்பதால் காற்று எப்படித் தூய்மையாகும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தோவாளை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் உற்பத்தியாகும் மின்சாரம் நம் ஊர்க் கம்பியில் தங்கிவிடுவதில்லை. அது பொதுத் தொகுப்பில் கலக்கிறது. நாம் எடுப்பதும் அந்தத் தொகுப்பிலிருந்துதான். அதே தொகுப்பில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரி மின்சாரமும் கூடங்குளத்தின் அணுமின்சாரமும் சேர்கின்றன. காற்றாலைகள் பெருமளவில் சுழல்வது வைகாசி முதல் புரட்டாசி வரையிலான மாதங்களில்தான். மற்ற மாதங்களில், சூரியன் மறைந்த பிறகு தேவைப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதியை நிலக்கரியே ஈடுகட்டுகிறது. இந்தியத் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. முந்தைய பதிலில் கண்ட நான்கு விளக்குகளில் மட்டும் ஆண்டுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் குறைகிறது என்றால், அது இரண்டு டன்னுக்கும் கூடுதலான வாயு.

மத்திய அரசின் மானியத்தோடு எங்கள் ஆலயக் கூரையில் சூரியத் தகடுகள் வைத்துத் தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்து பேசினார்கள். ஆலயங்களுக்கு மானியம் உண்டா? எத்தனை கிலோவாட் வைக்கலாம்?
— சேகரக் கமிட்டி உறுப்பினர், தக்கலை

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீடுகளுக்கானது. 3 கிலோவாட்டுக்கு உச்சவரம்பாக 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதும் வீட்டு மின் இணைப்புகளுக்கே. வழிபாட்டுத் தலத்துக்கான இணைப்பு அதில் அடங்காது. மானியம் உண்டு என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம், எந்த இணைப்பு எண்ணுக்கு, எந்தக் கட்டண வகையில் என்று எழுதி வாங்குங்கள். போதகர் இல்லத்துக்குத் தனியாக வீட்டு இணைப்பு இருந்தால், அதற்குத் தகுதி உண்டா என்பதை முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நல்லது; இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதிலேயே சிக்கல் வரக்கூடும்.

எத்தனை கிலோவாட் என்பதைவிட எந்தக் கூரையில் என்ற கேள்வி முக்கியமானது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும், இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் மழை மாதங்களில் அதைவிடக் குறையும். தகடு வாரத்தில் ஏழு பகலும் உற்பத்தி செய்யும். ஆலயமோ ஒரு பகலில்தான் செலவு செய்யும். ஆறு நாள் உற்பத்தி மின்வாரியத்துக்குப் போகும்போது, அனுப்பிய யூனிட்டுக்கு யூனிட் கழிக்கப்படுமா, அல்லது குறைந்த விலையில் பணமாக வரவு வைக்கப்படுமா என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. இரண்டாவது முறையானால் ஆலயக் கூரைத் திட்டம் ஆதாயமாக இருக்காது. அதே வளாகத்தில் பள்ளிக்கூடம் இருந்தால், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அங்கே விசிறியும் கணினியும் ஓடுவதால், சூரியன் தரும் நேரமும் செலவாகும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. தகடுகள் முதலில் ஏற வேண்டியது பள்ளியின் கான்கிரீட் கூரையில்தான். கோபுர நிழலும் தென்னை நிழலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் அதனோடு தொடராக இணைந்தவற்றின் உற்பத்தியும் சரியும்.

சபையார் வீடுகளுக்கு இத்திட்டத்தைப் பரிந்துரைப்பதிலும் நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைப்பதால், 200 யூனிட்டுக்குள் செலவிடும் எளிய குடும்பத்துக்குத் தகடு வைப்பதால் ஆதாயம் அதிகமில்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு சபையிலும் பலர் இருப்பார்கள். அவர்களை ஒருங்கிணைத்து, நிறுவனத்தாரிடம் ஒரே பேச்சாகப் பேசி விலையைக் குறைத்துக் கொடுத்தால், அது ஆலயக் கூரையில் இரண்டு தகடு வைப்பதைவிடப் பெரிய காரியம்.

ஒக்கி புயலின்போது எங்கள் ஊரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சூரியத் தகடு இருந்தால் அப்படிப்பட்ட வேளையில் ஆலயத்தில் விளக்கெரியும், கைப்பேசிக்கு மின்னூட்டலாம் என்று பங்குப் பேரவையில் பேசிக்கொள்கிறோம். கடற்காற்றில் தகடுகள் தாங்குமா என்ற ஐயமும் இருக்கிறது.
— பங்குப் பேரவை உறுப்பினர், குளச்சல் அருகே

மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்ந்து இயங்கும் சூரிய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பழுதுபார்க்க மின்கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிருக்கு ஆபத்து நேராதிருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் கொளுத்தினாலும், புயலுக்கு மறுநாள் அந்தத் தகடுகளால் ஒரு விளக்கைக்கூட எரிக்க முடியாது. பலருக்கு இது நிறுவிய பிறகே தெரியவருகிறது.

உங்கள் தேவைக்கு, கம்பியில் மின்சாரம் நின்றாலும் இயங்கும், மின்கலத்தோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். ஆலயம் முழுவதற்கும் மின்கலம் வைப்பது வீண்செலவு. சில விளக்குகள், கைப்பேசி மின்னூட்டும் பலகை, கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்தி அறிய வானொலியும் கம்பியில்லாத் தொடர்புக் கருவியும், குடிநீருக்கு ஒரு சிறிய மோட்டார் என அவசியமானவற்றைத் தனி இணைப்பாகப் பிரித்து, அதற்கு மட்டும் மின்கலம் அமையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வீசியபோது கடலோர ஊர்களில் குடும்பங்கள் கூடிக் காத்திருந்த இடங்களுள் ஆலய முற்றமும் ஒன்று என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்த முற்றத்தில் எரியும் நாலு விளக்குக்கு ஞாயிறு மின்கட்டணத்தை வைத்து விலை போட முடியாது. டீசல் ஜெனரேட்டரை நம்பியிருப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. லிட்டருக்கு 3 யூனிட் அளவே அது தரும். புயல் நாளில் அந்த டீசலும் கிடைக்காமல் போகலாம்.

உப்புக்காற்று முதலில் அரிப்பது தாங்கும் சட்டத்தையும் திருகாணிகளையும்தான். சூடான துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள், உப்புத்தூவல் சோதனையில் தேறிய தகடுகள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். புயல்காற்றின் வேகத்துக்கு ஏற்பக் கட்டுமானப் பொறியாளரிடம் சான்று பெறுவதும் அவசியம். உப்புப் படலம் படியும் தகடுகளை வாரம் ஒருமுறை காலையில், வெயில் ஏறுமுன், நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அந்தப் பொறுப்பைப் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆத்துமாக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய சபை, மின்கட்டணத்தைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது முறையா?
— ஒரு மூத்த வாசகர், நெய்யூர்

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான் என்கிறது ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம்.  செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்காக மன்றாடும் நாளாக 1989இல் அறிவித்தவர் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தலைவர் முதலாம் திமித்ரியோஸ். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் இந்தப் பொருளையே முழுமையாகப் பேசுகிறது. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அசிசி பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரையிலான காலத்தை இன்று பல சபைப் பிரிவுகள் ஒன்றாகவே அனுசரிக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையிலும் சூழலியல் அக்கறைக்கெனத் தனித் துறை இருக்கிறது. தங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு: உலகச் சுற்றுச்சூழல் நாளான சூன் 5ஆம் தேதிக்கு அடுத்த ஞாயிறன்று ஒரு மரக்கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்றை நடுவதானால், அந்த நேரத்தை ஜெபத்துக்கே கொடுத்துவிடலாம்.

எங்கள் சபையில் ஆராதனைக்குப் பின் தேநீர் வழங்குகிறோம். பிளாஸ்டிக்கை விட்டுக் காகிதக் கோப்பைக்கு மாறியதைப் பெருமையாக நினைத்திருந்தோம். அதுவும் தடை செய்யப்பட்டது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், கருங்கல்

உண்மைதான். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் தட்டும் அடங்கும். சூடான தேநீரைத் தாங்கும் காகிதக் கோப்பைகள் பெரும்பாலும் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கொண்டவையே. சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில் உண்டு. திருவிழாக் காலத்தில் சிலுவை நிறுவிய சிற்றாலயமான குருசடியிலிருந்து ஆலயம் வரை தெரு முழுவதும் கட்டப்படும் பிளாஸ்டிக் கொடிகளும் அப்படியே. கொடியேற்றத்தன்று இதை யாரும் நினைப்பதில்லை. துணித் தோரணமோ, குருத்தோலைத் தோரணமோ கட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

முந்நூறு எவர்சில்வர் தம்ளர்களைச் சபையார் காணிக்கையாகத் தந்துவிடுவார்கள். அது பெரிய செலவல்ல. அவற்றை யார் கழுவுவது என்ற இடத்தில்தான் பல சபைகளில் இந்த முயற்சி நின்றுபோயிருக்கிறது. கழுவும் வேலை பெண்கள் சங்கத்தின் தலையிலேயே விழுந்தால், மூன்றாம் மாதம் காகிதக் கோப்பை திரும்பி வந்துவிடும், அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆண்கள் பெயரையும் எழுதிய முறைப்பட்டியல் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு தம்ளர் வாங்குங்கள். விருந்தில் மிஞ்சும் இலையையும் சோற்றையும் வைத்துச் உயிரி எரிவாயுக் கலன் அமைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அன்றாடம் தீனி போட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு விருந்தை நம்பி அமைத்தால் கலன் காய்ந்து கிடக்கும். நாள்தோறும் சமைக்கும் விடுதி இருந்தால் மட்டும் யோசியுங்கள், இல்லையெனில் தென்னை மூட்டில் உரக்குழி போதும்.

எங்களுடையது நூறாண்டு கடந்த ஓட்டுக் கூரை ஆலயம். வெக்கை தாங்கவில்லை என்று குளிர்சாதன வசதி செய்ய ஒரு சாராரும், ஓட்டைப் பிரித்துத் தகரக் கூரை போட இன்னொரு சாராரும் கேட்கிறார்கள். கோடையில் கிணறும் வற்றிவிடுகிறது. வழி சொல்லுங்கள்.
— கமிட்டி உறுப்பினர், நாகர்கோவில் அருகே

அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 300 பேர் கூடினால் 30 கிலோவாட். அதை நீக்க மட்டுமே எட்டரை டன் குளிர்சாதனம் வேண்டும், கூரைவழி இறங்கும் வெயிலுக்கும் திறந்து மூடும் கதவுகளுக்கும் அதைப் போல இன்னும் சில மடங்கு. வாரத்தில் மூன்று மணி நேரத்துக்காக அத்தனை பெரிய இயந்திரங்களை வாங்கி, இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவையும் உயர்த்தி, அதற்கான நிலைக்கட்டணத்தை ஆண்டு முழுவதும் கட்டுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

அந்தக் காலத்தில் கட்டியவர்கள் ஓட்டையும் உயரத்தையும் எதிரெதிர்ச் சன்னல்களையும் காற்றுக்காகவே வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அழகுக்காகப் பொய்க்கூரை அடித்து, முகட்டுத் துவாரங்களை அடைத்து, சன்னல்களுக்கு நிலையான கண்ணாடி போட்டுவிட்ட ஆலயங்களில்தான் வெக்கை கூடியிருக்கிறது. முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உள்ளே நுழைந்து வெளியேற இடமிருந்தால், விசிறியோடு சேர்ந்து அதுவே பெருமளவு போதும். தகரக் கூரை வெயிலை ஓட்டைவிட விரைவாக உள்ளே இறக்கும், மழையில் பிரசங்கம் கேட்காது. பழைய உத்திரங்களின் மேல் சூரியத் தகடுகளை ஏற்றவும் வேண்டாம்.

அந்தக் கூரை வேறொரு வகையில் உங்களுக்குப் பயன்படும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 400 சதுர மீட்டர்க் கூரையில், ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர்தான் என்று குறைத்துக் கணக்கிட்டு, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணானதாகக் கழித்தாலும், 3,20,000 லிட்டர் கிடைக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003இலேயே கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் உங்கள் வளாகத்திலும் இருக்கக்கூடும், ஆனால் அவற்றின் மறுமுனை எங்கே போகிறது என்பதை ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். சில இடங்களில் அது தெருச் சாக்கடையில் முடிகிறது. கூரைநீரைச் சரளை, கரி, மணல் அடுக்கிய வடிதொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புங்கள். பருவத்தின் முதல் மழை கூரையில் படிந்த பாசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால், அதை வெளியே விட ஒரு தனி அடைப்பான் வேண்டும். கசிவுக்குழி தோண்டுவதானால் கழிவறைத் தொட்டியிலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் விலகி, சரிவின் மேற்பக்கத்தில் தோண்டுங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலும், ஐப்பசி மழைக்கு முன் செப்டம்பரிலும் ஓட்டு விளிம்பின் ஓடைகளில் அடைந்த சருகை நீக்கி, வடிதொட்டியின் மணலைக் கழுவிப் போட வேண்டும். ஆலயக் காவலாளியின் வேலைப் பட்டியலில் இதையும் சேர்த்து, அதற்கான கூலியை வரவுசெலவுத் திட்டத்தில் தனியே எழுதிவையுங்கள்.